பதின்மூன்று பேருக்குள் ஒளிய முடியாது

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டுர்க்கைம் 1858இல் பிறந்து 1917இல் இறந்தவர். சமூகவியல் படிக்கிற எல்லோருக்கும் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடுகிற விசயம். நான் கொடுத்த முதல் அசைன்மென்ட்டில் மனிதர் 1958இல் பிறந்து 1917இல் இறந்திருந்தார். திருத்தி வந்த தாளின் ஓரத்தில் சேர் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்: "இறந்து 41 வருடம் கழித்துப் பிறந்திருக்கிறார். இதே அதிசயம் இன்னும் இரண்டு பேருடைய தாளிலும் நடந்திருக்கிறது. மூவரும் வந்து சந்திக்கவும்."

நடந்தது வேறொன்றுமில்லை. மூன்று பேரும் ஒரே சீனியர் அக்காவின் பழைய அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதியிருந்தோம். அக்கா விட்ட எழுத்துப் பிழையைக்கூட விடாமல் எழுதியிருந்தோம்.

2017இல் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனபோது எனக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான். ஏ.எல். காலத்தில் சனி, ஞாயிறு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து பஸ் ஏறி மட்டக்களப்பு ரவுனுக்கு ரியூசனுக்குப் போவேன். ஒரு மண்டபத்துக்குள் இருநூறு பேருக்கு மேல் இருப்போம். சேர் மைக்கில் சொல்லுவார், நாங்கள் கொப்பியில் எழுதுவோம், பிறகு பாடமாக்குவோம். இரண்டு வருடம் படித்தும் அவருக்கு என் பெயர் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பரீட்சைக்கும் சுட்டெண்தானே போகிறது.

கம்பஸில் இரண்டாவது மாதமே ஒரு விரிவுரையாளருக்கு என் பெயர் தெரிந்துவிட்டது. அதுவும் டுர்க்கைமைக் கொன்று பிறப்பித்தவளாக.

அவருடைய அறைக்கு முன்னால் மூவரும் யார் முதலில் கதவைத் தட்டுவது என்று அரை மணித்தியாலம் நின்றிருப்போம். உள்ளே போனால் ஏச்சு விழவில்லை. "டுர்க்கைம் உங்கட ஊருக்கு வந்தா எதைப் போய்ப் பார்ப்பார்?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. "யோசிச்சிட்டு வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை நான் மட்டும்தான் போனேன். மற்ற இருவரும் பயத்தில் வரவில்லை. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் தேரைப் பற்றிச் சொன்னேன். அதைத் தேரோடும் கோயில் என்றுதான் ஊரில் சொல்வோம். வருடம் முழுக்க வரம்புச் சண்டையில் கதைக்காத ஆட்களும் அன்றைக்கு ஒரே வடத்தைப் பிடிப்பார்கள், பெத்தாவின் (பாட்டியின்) கண்ணில் ஏனென்று தெரியாமல் தண்ணீர் வரும் என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது, இதெல்லாம் படிப்பா என்று. சேர் அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, மதச் சடங்கில் கூடும்போது மக்களுக்குள் எழும் அந்த உணர்ச்சிப் பொங்கலைப் பற்றி டுர்க்கைம் 1912இல் எழுதிய பகுதியைக் காட்டினார். "நீங்க சொன்னதைத்தான் அவரும் சொல்லியிருக்கார். இதை எழுதித் தாங்க. புள்ளி ஏறாது, ஆனா வாசிப்பன்" என்றார்.

அந்த அசைன்மென்ட்டுக்கு C தான் கிடைத்தது, அது மாறவில்லை. ஆனால் அந்த அறைக் கதவைத் தட்டுகிற பயம் அன்றோடு போனது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. இந்த வருடம் கலைப்பீடத்துக்குப் போகிற தங்கச்சி, தம்பிமார் என்னிடம் கேட்பதெல்லாம் எந்தப் பாடம் லேசு, யாருடைய நோட்ஸ் நல்லது, எந்தப் போர்டிங்கில் தண்ணீர் ஒழுங்காக வரும் என்பதுதான். தண்ணீர் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்ததில் பாதி, விரிவுரை முடிந்த பிறகு அந்த அறைகளில் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. போகும்போது ஒரு கேள்வியோடு போங்கள். "சேர், ஒண்டும் விளங்கல்ல" என்றால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. "இந்தப் பந்தியில் இந்த வசனம் வரைக்கும் விளங்குது, இதுக்கு அங்கால விளங்கல்ல" என்று விரலை வைத்துக் காட்டினால் பத்து நிமிடத்தில் வேலை முடியும்.

முதலாம் வருடம் மூன்று பாடம் எடுத்தோம். அதோடு ஆங்கிலமும் கணினியும். விரிவுரை மண்டபம் நிறைந்திருக்கும், பின்வாங்கில் இருந்து தூங்கலாம். முதல் வருடப் பெறுபேற்றைப் பார்த்து சிறப்புக் கற்கைக்கு ஆட்களை எடுத்த பிறகுதான் கதை மாறும். எங்கள் பெட்ச்சில் சமூகவியல் ஸ்பெஷலுக்குப் பதின்மூன்று பேர். பதின்மூன்று பேருக்குள் எங்கே ஒளிவது? ஒருவர் வராவிட்டால் கதிரை காட்டிக்கொடுக்கும். வாசிக்காமல் வந்தால் முகம் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவில் லிபரல் ஆர்ட்ஸ் கொலிஜ் என்று சின்னச் சின்னக் கல்லூரிகள் இருக்கின்றன. சிறிய வகுப்பு, ஆசிரியருக்குப் பிள்ளையின் பெயர் தெரியும் என்பதையே பெருமையாகச் சொல்லிப் பெருந்தொகைக் கட்டணம் வாங்குகிறார்கள் என்று பிறகு வாசித்தபோது சிரிப்பு வந்தது. எங்களுக்கு அது இலவசமாகக் கிடைத்தது. நாங்கள் அதிலிருந்து எப்படித் தப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

புள்ளிக் கணக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்கு அதை யாரும் நேரத்துக்குச் சொல்லவில்லை. A என்றால் 4.0, B என்றால் 3.0, C என்றால் 2.0. சராசரி 3.70 வந்தால் முதல் வகுப்பு, 3.30 என்றால் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 என்றால் கீழ்ப்பிரிவு. முதல் செமஸ்டரில் எனக்கு 2.4 வந்தது. எட்டு செமஸ்டரும் சமமாகச் சேரும் என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பிறகு 3.30ஐ எட்ட மிச்ச ஏழு செமஸ்டரும் சராசரி 3.43 எடுக்கவேண்டும். அதாவது ஒவ்வொரு முறையும் B+க்கு மேல். ஒரு செமஸ்டர் விளையாட்டுக்கு ஏழு செமஸ்டர் வட்டி. எந்த வருடம் எப்படிக் கணக்கில் சேரும் என்பது பீடத்துக்குப் பீடம் வேறுபடும். கையேட்டை முதல் வாரத்திலேயே எடுத்து வாசியுங்கள், சீனியர் சொல்வதை நம்பவேண்டாம். 1958 ஞாபகம் இருக்கட்டும்.

வரவு 80 வீதம் வேண்டும் என்பார்கள். கேட்க நிறைய விடலாம் போல இருக்கும். கிழமைக்கு ஒரு முறை, பதினைந்து கிழமை நடக்கிற பாடத்தில் அது மூன்று நாள் மட்டும்தான். காய்ச்சலுக்கு ஒரு நாள், மாரியில் வெள்ளம் வந்து ரோடு மூடினால் ஒரு நாள், மச்சாளின் கலியாணத்துக்கு ஒரு நாள். முடிந்தது. கலியாண வீடுகளை எண்ணிக்கொண்டு லீவு போடுங்கள்.

ஆங்கிலம் ஒரு பெரிய மலை. விரிவுரை தமிழில், புத்தகம் ஆங்கிலத்தில். முதல் வருடம் முழுக்க நூலகத்தில் 301ஆம் இலக்கத் தட்டுக்கு முன்னால் போய் நின்று, அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். எங்களைக் கரை சேர்த்தது குப்பி.

குப்பி என்றால் கம்பஸ்காரருக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்டால் குப்பி விளக்கு. அந்த வெளிச்சத்தைச் சுற்றி இருந்து படிப்பது போல, விளங்கின ஆள் விளங்காத ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்குக் குப்பி என்று பெயர். சிங்களப் பிள்ளைகளும் அதைக் குப்பிய என்றுதான் சொல்வார்கள். எங்கள் குப்பியில் நான்கு பேர். ஒரு அத்தியாயத்தை நான்காகப் பிரிப்போம். ஆளுக்கு ஐந்தாறு பக்கம். அகராதியோடு மல்லுக்கட்டி, அடுத்த நாள் பின்னேரம் மரத்துக்குக் கீழே ஆளாளுக்குத் தன் பங்கைத் தமிழில் சொல்லவேண்டும். வாசித்துக் காட்டக் கூடாது, சொல்லவேண்டும். அதுதான் சட்டம். தாளைப் பார்த்து வாசிக்கிறவருக்கு விளங்கவில்லை என்று அர்த்தம். தண்டனை நாலு பிளேன்ரீ. முதல் மாதம் பிளேன்ரீக்கு நான் கொடுத்த காசில் ஒரு அகராதியே வாங்கியிருக்கலாம்.

அந்த நான்கு பேரில் ஒருத்தி அக்கரைப்பற்று. ஒருநாள் அவளுடைய பங்கில் டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளரின் கட்டுரை வந்தது. அவர் அக்கரைப்பற்றில் வந்து தங்கி, எங்கள் கரையோரத்துக் குடிமுறையை, அதாவது குல வழக்கத்தை, ஆராய்ந்தவர். குடி தாய்வழியாகத்தான் வரும், ஒரே குடிக்குள் கலியாணம் முடிக்க மாட்டார்கள், வீடு பெண் பிள்ளைக்குப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார் என்றெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் இடையில் மறித்து, "இது எங்கட ஊர்ல உள்ளதெல்லவா?" என்றேன். "என்னகா விசர்க் கதை கதைக்கிறாய், இது எங்கட ஊர். எங்கட உம்மாட வீடும் இப்படித்தான் வந்தது" என்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தமிழர், முஸ்லிம்கள் இருசாராரிடமும் இந்த வழக்கம் உண்டு என்று அந்த மனிதர் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். ஒரே கிழக்கில் இருபது வருடம் வளர்ந்த எங்களுக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பிளேன்ரீக்கு அவள் காசு கொடுத்தாள், தோற்காமலே.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கொஞ்ச நாள் குப்பி நடக்கவில்லை. சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த ஊர் இது. கம்பஸ் மூடித் திறந்தபோது அவள் வந்தாள், வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். யாருக்கும் என்ன கதைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் மற்றொருத்தி கொப்பியைத் திறந்து, "வெபர்ல எங்க விட்டோம்?" என்றாள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

காசு விசயம். என் காலத்தில் மகாபொல புலமைப்பரிசில் மாதம் 5000 ரூபாய். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அதை 7500 ஆக்கினார்கள். எதுவானாலும் போர்டிங், சாப்பாடு, போட்டோகொப்பி மூன்றுக்கும் காணாது. நான் பிழைத்தது தட்டெழுத்தால். எங்கள் பக்கத்தில் ரைப்பிங் கடைகளில் பக்கக் கணக்குக்குக் காசு வாங்குவார்கள். அதுவும் பாமினியில் அடித்துத் தருவார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். ஒரு முறை சமர்ப்பிக்கிற நாள் காலையில் அப்படி நின்று அழுதிருக்கிறேன். அந்த விடுமுறையிலேயே யூனிகோடில் நானே அடிக்கப் பழகினேன். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம், மூன்று மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மறுகா பெட்ச் பிள்ளைகளுக்கு அடித்துக் கொடுத்தேன். நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதுகிற வேலை ஆய்வு செய்கிறவர்களிடமிருந்து வந்தது. கலைப்பட்டத்தோடு வேறு ஒரு கைவேலையும் வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். யூனிகோட் தட்டச்சும், ஒலிப்பதிவைக் கேட்டு ஒரு சொல் விடாமல் எழுதுவதும் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகின்றன.

வேலை என்றதும் அப்பா ஞாபகம். நான் முதல் வருடம் படித்த 2017இல், வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் நாட்கணக்கில் போராட்டம் இருந்தார்கள். ரவுனுக்குப் போகும்போதெல்லாம் பஸ் அந்தப் பக்கம் போகும். ஒருநாள் அப்பா பக்கத்தில் இருந்தார். ஜன்னலால் பார்த்துவிட்டு, "படிச்சு முடிச்சிட்டு நீயும் இஞ்சதான் இருக்கப் போறியா மகள்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. ஆனால் கொட்டகைக்குள் இருந்தவர்களில் முதல் வகுப்பு எடுத்த அக்காமாரும் இருந்திருப்பார்கள், புள்ளி மட்டும் போதாது என்று அன்றைக்கு மண்டையில் ஏறியது.

கடைசி வருட ஆய்வுக் கட்டுரைக்கு வருகிறேன். நான் கொண்டுபோன தலைப்பு "மட்டக்களப்பு மாவட்டத்தில் வறுமை". என்னுடைய மேற்பார்வையாளர் மிஸ் ஒரு தடவை வாசித்துவிட்டு, "இதுக்கு உலக வங்கி இருக்கு. நீங்க வீட்டில இருந்து கம்பஸுக்கு எப்படி வாறீங்க?" என்றார். மண்முனைப் பாலத்தால் பஸ் வரும், அதில் ஏறி ஆரையம்பதி, காத்தான்குடி, ரவுன் என்று மாறி வருவேன் என்றேன். "பாலத்துக்கு முந்தி?" பாதையில் வந்தோம் என்றேன். "அப்ப பாதையோட இருந்த ஆக்கள் இப்ப என்ன செய்றாங்க?"

மற்ற ஊர்க்காரருக்காக: பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ரோடு இல்லை. ஆட்களையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை. மண்முனைத்துறையில் ஜப்பான் உதவியோடு பாலம் கட்டி 2014இல் திறந்தபோது அங்கே பாதை நின்றது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் நான் ஆய்வு செய்த காலத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே கொண்டாடிய பாலம் அது. எங்கள் பெத்தாவை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதன் மேலால்தான். ஆனால் துறையில் தேத்தண்ணி விற்றவர், கச்சான் விற்ற பிள்ளைகள், பாதையில் வேலை செய்தவர்கள் எங்கே போனார்கள் என்று நானும் கேட்டதில்லை.

2020 பெப்ரவரியில் கேள்விக்கொத்தோடு இறங்கினேன். முதல் கிழமை வீண். வெள்ளாமை வெட்டுக் காலம், எல்லோரும் வயல் வட்டையில். ஊரில் பிறந்தவளுக்கு அது கூடத் தோன்றவில்லை, அவ்வளவு படித்திருந்தேன். பிறகு பின்னேரங்களில் போனேன். பாதையில் வேலை செய்த ஒரு ஐயாவிடம் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய், தாளைப் பார்த்து "பாலத்தின் பின்னர் உங்கள் சமூகப் பொருளாதார நிலை யாது?" என்று வாசித்தேன். "நல்லா இருக்கன் மகள்" என்றார். முடிந்தது நேர்காணல். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். கேள்விக்கொத்தை மூடி வைக்கச் சொன்னார். நிலை என்று கேட்காதே, நாள் என்று கேள் என்றார். திரும்பிப் போய், "பாலம் திறந்ததுக்கு அடுத்த நாள் காலையில என்ன செய்தீங்க ஐயா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் வாவிப் பக்கம் பார்த்தார். "வழமை போல விடியக்காலம எழும்பி துறைக்குப் போனன். போய் நிண்டன். பஸ் மேலால போச்சு" என்றார். அதற்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் கதைத்தார். என் கட்டுரையின் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் அந்தப் பின்னேரம்தான்.

மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து மிச்ச நேர்காணல்களைப் போனில் எடுத்தேன். போனில் மௌனம் கேட்காது, லைன் வெட்டுப்பட்டதோ என்று "ஹலோ" சொல்லிவிடுவோம், அதோடு அவர்கள் சொல்ல வந்தது போய்விடும். நேரில் எடுத்த பதினொன்றுக்கும் போனில் எடுத்த பதினொன்றுக்கும் உள்ள வித்தியாசம் கட்டுரையில் அப்படியே தெரிகிறது. செய்ய ஏதும் இருக்கவில்லை. பழைய பத்திரிகை, ஊர் மலர் தேடுவதற்கு நூலகம் திறந்திருக்கவில்லை. அப்போது கைகொடுத்தது நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம். ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் அதில் வருடிப் போடப்பட்டிருக்கின்றன, காசு இல்லை. முதல் வருடத்திலேயே அதை அறிந்திருந்தால் போட்டோகொப்பிக் கடைக்கு அவ்வளவு கொட்டியிருக்க மாட்டேன்.

இன்னொன்று: ஒவ்வொரு மேற்கோளையும் எடுத்த அன்றைக்கே பக்க எண்ணோடு குறித்து வையுங்கள். நான் கடைசிக் கிழமையில் பதினேழு மேற்கோள்களின் பக்க எண்ணைத் தேடி இரண்டு இரவு விழித்தேன். உசாத்துணை வருடங்களை மூன்று தரம் சரிபார்த்தேன், குறிப்பாகப் பிறந்த வருடங்களை.

கட்டுரைக்கு A- வந்தது. கட்டி எடுத்த பிரதிகளில் ஒன்றை அந்த ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மகளின் பிள்ளையைக் கூப்பிட்டு மூன்றாம் அத்தியாயத்தை வாசிக்கச் சொன்னார். "பஸ் மேலால போச்சு" என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, "இது நான் சொன்னது. இதுல என்ர பேர் எங்க?" என்றார். ஆய்வு நெறிமுறைப்படி பெயர் போடக் கூடாது ஐயா, உங்களுக்குப் பிரச்சினை வராமல் இருக்கத்தான் அப்படி, தகவலாளி 7 என்று போட்டிருக்கிறேன் என்று விளக்கினேன். "ஏழாம் ஆள் நானா?" என்றார். ஓம் என்றேன். மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பையிலிருந்து பேனையை எடுத்து, அந்த ஒரு பிரதியில் மட்டும், 7ஐ வெட்டாமல் பக்கத்தில் அவருடைய முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.